கிடங்கு இல்லாத சத்து

சாப்பிட்டதில் மிஞ்சுவதை உடல் சுலபத்தில் வீணாக்குவதில்லை. சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் உடனடித் தேவை போக மீதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாக்கிப் பத்திரப்படுத்துகின்றன. அந்த இருப்பு அரை கிலோ அளவில்தான் இருக்கும். கொழுப்புக்கோ இடப் பஞ்சமே கிடையாது. ஒல்லியும் இல்லாத, பருமனும் இல்லாத ஒருவரிடம்கூடப் பத்து கிலோ கொழுப்பு இருக்கும். வயிறு, இடுப்பு, தொடை என்று அதற்கான கிடங்கு வேண்டிய மட்டும் விரியும். புரதத்தின் கதை வேறு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 10 அல்லது 11 கிலோ புரதம் உண்டு. ஆனால் அதில் ‘இது இருப்பு’ என்று தனியாக எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. கிட்டத்தட்டப் பாதி, எலும்பை அசைக்கும் தசையாக இருக்கிறது. மீதி தோலாக, எலும்புக்குள் ஓடும் கொலாஜன் நாராக, ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினாக, செரிமான நொதியாக, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளாக வேலை பார்க்கிறது. எந்த வேலையிலும் சேராமல் தனித்தனி அமினோ அமிலங்களாக இரத்தத்திலும் செல்களிலும் மிதப்பது 100 கிராம் அளவுதான். அதுவும் வந்துபோகும் சரக்கு. புரதத்துக்குக் கிடங்கு இல்லை என்ற இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால், எவ்வளவு வேண்டும், எது நல்லது, அதிகமானால் என்ன ஆகும் என்ற கேள்விகள் பலவற்றுக்கு அதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

இந்த உண்மை பிடிபட அறிவியலுக்கு நூறாண்டு ஆயிற்று. 1838-இல் ‘புரோட்டீன்’ என்று பெயர் வைத்தபோதே, ‘முதன்மையானது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மரியாதை அளவுக்கு மீறிப் போனது. தசை புரதத்தால் ஆனது, ஆகவே தசை வேலை செய்யும்போது தன் புரதத்தையே எரித்துத்தான் வேலை செய்கிறது என்று ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக் எண்ணினார். அடால்ஃப் ஃபிக், யோஹானஸ் விஸ்லிசேனஸ் என்ற சூரிச் பேராசிரியர்கள் இருவர் 1865-இல் இதைத் தங்கள் கால்களாலேயே சோதித்தார்கள். முந்தைய நாள் நண்பகல் முதல் புரதத்தைத் தொடவில்லை. மாவுப்பண்டம், கொழுப்பு, சர்க்கரை போட்ட தேநீர் இவைதான் ஆகாரம். அந்த நிலையில் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் ஏறினார்கள். ஏறும்போதும் ஏறிய பின்னும் கழித்த சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தார்கள். உடலில் புரதம் எரிந்தால் அதன் நைட்ரஜன் சிறுநீரில்தான் வெளியேறும். கணக்குப் போட்டுப் பார்த்தால், எரிந்த புரதம் அந்த உடல்களை மலைமேல் தூக்கத் தேவையான ஆற்றலில் பாதிகூடத் தந்திருக்க முடியாது. வண்டியை ஓட்டிய எரிபொருள் மாவும் கொழுப்பும். புரதம் வண்டியின் இரும்பு.

இரும்பு என்றால் தேய்மானம் சரிசெய்ய எவ்வளவு தேவை என்ற கேள்வி எழும். உழைப்பாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 118 கிராம் வேண்டும் என்றார் மியூனிக்கின் கார்ல் ஃபாய்ட். அந்நாட்டு உழைப்பாளிகள் சாப்பிட்டதை வைத்துச் சொன்ன எண் அது. சாப்பிடுவதும் தேவைப்படுவதும் ஒன்றா என்று கேட்டார் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஸல் சிட்டண்டன். தம்மையும் சக ஆசிரியர்களையும் படைவீரர்களையும் விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கில் அதில் பாதியளவு புரதத்தோடு வாழவைத்து, அவர்களது வலு குறையவில்லை என்று 1904-இல் நூலாக எழுதினார். இருவரும் எண்ணில்தான் முரண்பட்டார்கள். உடலின் கட்டுமானம் நிலையானது, உணவிலிருந்து வரும் புரதம் அங்கங்கே பூச்சு வேலைக்குப் போகிறது என்ற படம் அன்று பொதுவான நம்பிக்கை.

அந்தப் படத்தை உடைத்தவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த யூத விஞ்ஞானி. அங்கே ஹரால்ட் யூரேயின் ஆய்வகத்தில் கனமான நைட்ரஜன் அணுக்களைப் பிரித்தெடுக்கும் வழி உருவாகியிருந்தது. சாதாரண நைட்ரஜனிலிருந்து எடையில் மட்டும் மாறுபடும் அந்த அணு, கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்டவரைப் போல எங்கே போனாலும் அடையாளம் தெரியும். அந்த அணுவைக் கோத்த லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஷோன்ஹைமர் குழு வளர்ந்து முடிந்த எலிகளுக்கு ஊட்டியது. எடை கூடாத, குறையாத எலிகள். பழைய படம் சரியென்றால் ஊட்டிய நைட்ரஜன் ஏறக்குறைய முழுதும் சிறுநீரில் வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பாதிக்கு மேல், மூன்றே நாளில் எலிகளின் உடல் புரதங்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. எடை மாறாமல் புதிது உள்ளே நுழைந்ததென்றால் அதே அளவு பழையது வெளியேறியிருக்க வேண்டும். வெளியே அசையாமல் நிற்பதுபோல் தெரியும் உடல், உள்ளே ஓயாமல் இடிந்து எழுந்துகொண்டிருக்கிறது. ஷோன்ஹைமர் 1941-இல் இறந்தார். உடற்பொருள்களின் இந்த இயங்குநிலையை விளக்கும் அவரது நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இன்று அந்த இயக்கத்தின் அளவு தெரியும். ஒரு வயதுவந்தவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் புரதம் சிதைகிறது, அதே அளவு மீண்டும் கட்டப்படுகிறது. நாம் தட்டில் போட்டுக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கு. எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கல்லீரலின் சில நொதிகளுக்கு ஆயுள் நிமிடக் கணக்கு. குடலின் உட்பூச்சு நான்கைந்து நாளில் புதிதாகிவிடும். சிவப்பணு 120 நாள் வாழும். கண்ணின் வில்லையின் மையத்தில் இருக்கும் புரதமோ பிறக்கும்போது வந்தது, கடைசிவரை அதுவே. இவ்வளவு உழைத்துக் கட்டியதை ஏன் இடிக்க வேண்டும், இது ஊதாரித்தனம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். பழுதான புரதம் செல்லுக்குள் குவிந்தால் அது நஞ்சு. தேவை முடிந்த நொதி நீங்காவிட்டால் வினை நிற்காது. எதை எப்போது இடிப்பது என்று உடல் குறியிட்டுத்தான் இடிக்கிறது. அந்தக் குறி யுபிக்குவிட்டின் என்ற சிறு புரதம். அது குறியிட்டுப் புரதத்தை இடிக்கவைக்கும் முறையைக் கண்டறிந்த சிகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இடித்த செங்கலையே திரும்ப வைத்துக் கட்டுவதென்றால் புதுச் செங்கல் எதற்கு? பெரும்பகுதி மறுபடி பயன்படுவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உடைந்துபோகிறது. அமினோ அமிலங்களில் ஒரு பங்கு எரிகிறது; தோல், முடி, மலம் வழியே கொஞ்சம் கழிகிறது. தவிர, இருபது வகைச் செங்கலில் ஒன்பதை நம் உடலால் தேவைக்குச் செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்தே வர வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் கட்டும் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். மற்றவை எவ்வளவு குவிந்திருந்தும் பயனில்லை, ஏனெனில் அந்த ஒன்று வரும்வரை பத்திரப்படுத்திக் காத்திருக்க உடலில் கிடங்கு இல்லை. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஆஸ்போர்னும் மெண்டலும். மக்காச்சோளத்தின் ஸெயின் என்ற புரதத்தில் லைசினும் இல்லை, டிரிப்டோபானும் இல்லை. ஸெயினை மட்டும் புரதமாகக் கொடுத்த எலிகள் மெலிந்தன. டிரிப்டோபான் சேர்த்ததும் மெலிவது நின்றது, ஆனால் வளரவில்லை. லைசினும் சேர்ந்த பிறகுதான் வளரத் தொடங்கின. 1914-இல் வெளியான இந்த ஆய்வுக்கு நம் சமையலறையிலேயே விளக்கம் இருக்கிறது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது போதிய அளவு. இட்லி மாவில் அரிசியோடு உளுந்தும் பொங்கலில் பாசிப்பருப்பும் சேர்வது, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் ஏற்பாடாகவும் அமைந்துவிட்டது. தாவரப் புரதம் மட்டம் என்ற பேச்சுக்கு இதுவே பதில். தனித்தனியே எடுத்தால் மட்டம்தான்; கூட்டணியில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே கவளத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஒரே நாளின் உணவில் இருந்தால் போதும்.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாக எழும். பட்டினியில் தசை கரைகிறதே, அப்படியானால் தசையே கிடங்கு இல்லையா? கரைவது உண்மை. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். கிளைக்கோஜன் தீர்ந்தபின் உடல் தசையை உடைத்து அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸ் செய்கிறது. பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் 1960-களில் மருத்துவக் கண்காணிப்பில் வாரக்கணக்காக உண்ணாதிருந்த பருத்த உடலினரை ஆராய்ந்தார். தொடக்க நாள்களில் நாளுக்கு 12 கிராம் அளவு நைட்ரஜன் சிறுநீரில் போனது. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 6.25 கிராம் புரதம் என்பது கணக்கு. ஆக 75 கிராம் புரதம், ஈரத் தசையாகப் பார்த்தால் மூன்றரை நூறு கிராமுக்கு மேல். அதே வேகத்தில் போயிருந்தால் மனிதர் சில வாரங்களில் முடிந்திருப்பார். ஐந்தாறு வாரத்தில் அந்த இழப்பு மூன்று நான்கு கிராமாகச் சுருங்கியது. கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை எரிக்க மூளை பழகிக்கொண்டதால், தசையை உடைக்க வேண்டிய அவசியம் குறைந்தது. கொழுப்பை அள்ளிச் செலவிடும் உடல், புரதத்தை இப்படிக் கருமித்தனமாகக் காப்பாற்றுகிறதே, ஏன்? தசையை எடுப்பது நெல்லுக் குதிரைத் திறப்பதுபோல் அல்ல, அடுப்பெரிக்கக் கூரையின் மரத்தைப் பிடுங்குவதுபோல. மூச்சிழுக்கும் தசையும் இதயமும் அந்தக் கூரையில் சேர்ந்தவைதான். உடல் புரதத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை போய்விட்டால் உயிர் தங்காது.

கிடங்கு இல்லை என்பதிலிருந்து இன்னொன்றும் பின்தொடர்கிறது. வந்த புரதத்தைக் கட்டும் வேலைக்கு வைத்துக்கொள்வதா, எரித்துவிடுவதா என்பது அந்த நேரத்தில் வேறு எரிபொருள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இது புரியாமல் உலகமே ஒருமுறை தடுமாறியது. ஆங்கிலேய ஆட்சியில் ‘கோல்டு கோஸ்ட்’ என்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் வெளிறிய குழந்தைகளைக் கண்டார். தாய்ப்பால் நின்றபின் மக்காச்சோளக் கூழில் வளர்ந்தவர்கள். 1930-களில் அவர் அந்நோயை ‘குவாஷியார்கர்’ என்ற உள்ளூர்ப் பெயரிலேயே உலகுக்கு அறிவித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பின்னாளில் இது முழுக்கப் புரதக் குறைபாடு என்று கொண்டு, ஏழை நாடுகளுக்குப் புரதம் செறிந்த மாவுகளைத் தயாரிப்பதே தீர்வு என்று ஐ.நா. அமைப்புகள் பல ஆண்டுகள் முனைந்தன. அதைத் தரவுகளோடு கேள்வி கேட்டவர்களில் முன்னணியில் இருந்தவர் சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன். அதே ஆண்டில் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போன ஆய்வகமே பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அதை அவர் வழிநடத்தினார். குவாஷியார்கர் வந்த குழந்தைகளும் வெறும் எலும்பும் தோலுமான குழந்தைகளும் சாப்பிட்ட உணவில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை என்று அவர் காட்டினார். பிறகு அவரது குழு, ஊட்டம் குறைந்த சிறு குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் கலந்த பண்டத்தைப் பதினான்கு மாதங்கள் கொடுத்தது. அதில் இருந்தது 310 கலோரி. புரதமோ மூன்றே கிராம். குழந்தைகள் உயரமும் எடையும் கூடினார்கள். வீட்டு உணவின் புரதம், வயிறு நிறையாததால் எரிந்துகொண்டிருந்தது. எரிபொருள் கிடைத்ததும் அது கட்டும் வேலைக்குத் திரும்பியது. லான்செட் இதழில் 1974-இல் டொனால்ட் மெக்லாரன் அந்தப் புரதப் பரபரப்பைப் பெருந்தோல்வி என்றே எழுதினார். இதிலிருந்து புரதம் முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது மறுகோடிக்குத் தாவுவதாகும். வயிறு நிறையாதவரிடம் புரதம் தங்காது. வயிற்றை வெறும் அரிசியால் நிறைத்தாலும் போதிய லைசின் வராது. இரண்டும் சேர்ந்தே உண்மை.

இனி எதிர்ப்பக்கம். சேமிக்க முடியாததை அள்ளித் தின்றால் என்ன ஆகும்? உடற்பயிற்சிக் கூடங்களின் வாசலில் பெரிய டப்பாக்களில் விற்பனையாகும் புரதப் பொடியைச் சுற்றிய கேள்வி இது. மிஞ்சிய அமினோ அமிலத்தின் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்குகிறது. ஹான்ஸ் கிரெப்ஸும் ஹென்சலைட்டும் 1932-இல் கண்ட சுழற்சி அது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. மீதிக் கரிமப் பகுதி எரிகிறது, அல்லது கொழுப்பாகிறது. தசை வளர்வது பொடியின் கட்டளையால் அல்ல, பளு தூக்குவதால். 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பளுப்பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பற்ற உடல் எடை கூடுதலாக ஏறியது சராசரியாக 300 கிராம்தான். அந்தப் பலனும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்தோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஊற்றுவது யூரியாவுக்குத்தான். அதற்காகப் புரதப்பொடி ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துவதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு மட்டும் அது மெய்யான சுமை, அவருக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு. எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும் என்ற பழைய அச்சமும் நிலைக்கவில்லை. புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது. அதில் பெரும்பங்கு குடல் அதிகமாக உறிஞ்சியதால் வந்தது என்று பின்னர் தெரிந்தது.

என் வாதத்துக்கே குறுக்கே வரும் சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 20 கிராம் புரதத்துக்கு மேல் போனால் தசைக்குப் பயனில்லை, எரிந்துபோகும் என்று சில காலம் சொல்லப்பட்டது; கிடங்கு இல்லை என்பதன் நேரடி விளைவுபோலவே அது ஒலித்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் 2023-இல், பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு ஒரே மூச்சில் 100 கிராம் பால்புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். அது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மெல்ல மெல்லச் செரித்து வந்துகொண்டிருந்தது. தசைக் கட்டுமானமும் அவ்வளவு நேரம் தொடர்ந்தது. குடலே ஒரு தற்காலிகத் திண்ணையாகச் சரக்கை இறக்கிவைக்க இடம் தருகிறது. ஆக, வேளைக் கணக்கில் அவ்வளவு கறார் வேண்டாம். ஆனால் திண்ணையில் வைத்தது மறுநாளைக்கு மேல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வியாழக்கிழமைத் தசைக்கு உதவாது.

இந்த வரவு செலவில் அதிகம் நஷ்டப்படுபவர்கள் முதியவர்கள். ஐம்பதைத் தாண்டியபின் தசை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. இளைஞரின் தசை 20 கிராம் புரதத்துக்குக் காட்டும் துலங்கலை முதியவரின் தசை காட்ட 30 கிராமுக்கு மேல் தேவைப்படுகிறது. காது மந்தமானவரிடம் உரக்கப் பேசுவதுபோல. வேலையும் வேண்டும். நலமாக இருந்த முதியவர்கள் பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்து 2007-இல் ஓர் ஆய்வு நடந்தது. பரிந்துரைத்த அளவுப் புரதத்தைச் சாப்பிட்டும், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை அவர்கள் இழந்தார்கள். நம் வீடுகளில் நடப்பது முதியவரின் இந்தத் தேவைகளுக்கு நேர்மாறான உபசாரம். வயதானவர் என்றால் ‘செரிக்காது’ என்று பருப்பையும் முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டு, கஞ்சியும் ரசஞ்சோறும் கொடுத்து, அசையாமல் உட்காரச் சொல்கிறோம். சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை தேவை என்பது முதுமை மருத்துவ வல்லுநர் குழுக்களின் பரிந்துரை.

மற்றவர்களுக்கு எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் அளவு. 2024-இல் வந்த அதன் உணவு வழிகாட்டி, தசைக்காகப் புரதப்பொடி தின்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. இந்த எண்களை டப்பா இல்லாமல் எட்ட முடியுமா? ஒரு நாளில் 350 கிராம் அரிசி சாப்பிடுபவருக்கு அதிலேயே 28 கிராம் வந்துவிடும், ஆனால் லைசின் போதாது. 30 கிராம் பருப்பு ஆறரை கிராம், பாலும் தயிருமாக 300 மில்லி பத்து கிராம், ஒரு முட்டை ஆறு கிராம். ஐம்பதை எட்டிவிட்டோம், லைசினும் சேர்ந்துவிட்டது. முட்டை உண்ணாதவர் ஒரு கைப்பிடி நிலக்கடலையோ சுண்டலோ சேர்க்கலாம். நெத்திலியும் மத்தியும் கிடைக்கும் ஊரில் கணக்கே தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தினமும் சாம்பார் வைக்கிறோம், புரதத்துக்கு என்ன குறை என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். நான்கு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு வேகிறது, 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 25 கிராம் பருப்பு, அதாவது ஐந்தரை கிராம் புரதம். ஒரு முட்டைக்கும் குறைவு. கடைசியில் சாப்பிட உட்காருபவர் வீட்டுப் பெண் என்றால், அடியில் தங்கிய பருப்பும் தீர்ந்து அவர் தட்டில் விழுவது புளித்தண்ணீர்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! நேற்றைய விருந்திலிருந்து அவர் உடல் எதையும் எடுத்துவைத்திருக்கவில்லை. நாளைக்கு வரப்போவதை எதிர்பார்த்து இன்று இடிப்பதை நிறுத்தவும் போவதில்லை. அரை டம்ளர் பருப்பை ஒரு டம்ளராக்குங்கள்; அதை எல்லாத் தட்டுக்கும் சமமாகப் பரிமாறுங்கள்.